விமானம் ஓட்ட விழையும் மகளும் வட்டியைத் தவிர்க்கும் வீடும்



எங்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டி 2019-ஆம் ஆண்டு ரமளானுக்கு முன்னர் வெளியேறியது. பாட்டுப் போட்டி, ஆட்டப் போட்டி, ஒரே வீட்டுக்குள் நூறு நாள் அடைந்து கிடந்து ஒருவரையொருவர் பழிக்கும் போட்டி என்று மாலைப் பொழுதெல்லாம் அவற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் எங்கள் கையை விட்டு நழுவியதை உணர்ந்து, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எடுத்த முடிவு அது. 'ரியாலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதற்பாதியிலேயே 'ரியா' ஒளிந்திருக்கிறது என்று அப்போது நாங்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒன்றைச் செய்வதற்கு மார்க்கம் இட்ட பெயர் அது. அந்த நோய் வீட்டை விட்டுப் போயிற்று என்று நிம்மதியாக இருந்தோம்.

மறு ஆண்டே கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்தது. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்த எங்கள் மூத்த மகளின் கையில் நாங்களே ஒரு திரையை எடுத்துக் கொடுத்தோம். கணக்குப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் நடுவே அவள் அதில் எதைக் கண்டாள் என்பது நான்கைந்து ஆண்டுகள் கழித்து, பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"அத்தா, நான் பைலட் ஆகணும். பெரிய ஏர்பஸ் எல்லாம் வேண்டாம். ரோடே இல்லாத ஊருக்கு மருந்து கொண்டு போற சின்ன பிளேன்."

இரவு உணவு வேளையில் சொன்னாள். நன்னிமா மட்டும் சிரித்தார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மணவூரில் வளர்ந்த பிள்ளைக்கு ஆகாயம் புதிதன்று. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் இரயில் நின்று செல்லும் சிற்றூர் எங்களுடையது. ஒருபுறம் திருவாலங்காடு, சற்றே வடமேற்கில் திருத்தணி மலை, அதற்கப்பால் ஆந்திர எல்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகளோடு செல்லும் கூட்டத்தால் இரயிலில் நிற்க இடமிராது. மேற்கே அரக்கோணத்தில் 1992-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராஜாளி கடற்படை விமானதளம் இருக்கிறது. அதன் ஓடுபாதை 4 கிலோமீட்டருக்கும் நீளமானது. எங்கள் மகள் சிறுமியாக இருந்தபோது டுபோலெவ் 142 என்னும் இரஷ்ய விமானம் அங்கிருந்து பறக்கும். எட்டு விசிறிகளும் சேர்ந்து எழுப்பும் அந்த உறுமலைக் கேட்டுத் தொட்டிலில் இருந்த தம்பி அழுவான், இவள் மாடிக்கு ஓடுவாள். 2017 மார்ச்சில் அவ்வகை விமானங்களுக்கு ஓய்வளித்துவிட்டார்கள். இப்போது பறக்கும் பி-8ஐ அமைதியாகவே போகிறது. ஓடிப் போய்ப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

அவளைப் பிடித்தாட்டிய நிகழ்ச்சி எதுவென்று கேட்டோம். காட்டினாள். மீண்டும் ஒரு 'ரியாலிட்டி'.

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தைப் பற்றிய 'ஃபிளையிங் வைல்ட் அலாஸ்கா' என்னும் தொடர் அது. டிஸ்கவரி அலைவரிசையில் 2011, 2012-ஆம் ஆண்டுகளில் மூன்று பருவங்கள் ஒளிபரப்பானது. பேரிங் கடலோரத்தில், உனலக்லீட் என்னும் சில நூறு பேர் வாழும் சிற்றூரில், ட்வீட்டோ என்ற குடும்பம் அப்போது விமானப் போக்குவரத்து நடத்திவந்தது. தந்தை ஜிம் விமானி. தாய் ஃபெர்னோ, அந்நிலத்தின் இனுபியாக் பழங்குடியினர். மகள் ஏரியல் அதற்கு முன்பே தொலைக்காட்சி முகமாகியிருந்தார். பெரிய இரப்பர்ப் பந்துகளின் மேல் தாவி, வழுக்கித் தண்ணீருக்குள் விழும் ஒரு தடைப் போட்டியில் விழுந்து விழுந்து சிரித்ததில் அவர் பெயர் பரவியது. குடும்பத் தொடர் தொடங்கியபோது ஏரியல் விமானி அல்லர். சரக்கு ஏற்றுவது, பயணிகளை வரிசைப்படுத்துவது போன்ற தரை வேலைகளே அவருடையவை. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, அச்சத்தோடும் தயக்கத்தோடும், கேமராவின் முன்னிலையில் பறக்கக் கற்றுக்கொண்டார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அறிமுகமில்லாத ஊர், உடை, மார்க்கம். இதில் நம் பிள்ளை எதைக் கண்டாள் என்ற ஐயத்தோடு, எங்களில் தாயானவர் அவளோடு அமர்ந்து ஆறேழு பகுதிகளைப் பார்த்தார். பார்த்தபின் சொன்னது இது: "கேமராவை எடுத்துவிட்டாலும் அந்த வேலை நடக்கும்."

அதுதான் வேறுபாடு என்று எங்களுக்கும் பட்டது. அலாஸ்கா நம் தமிழகத்தைப் போல் பதின்மூன்று மடங்கு பரப்புடையது. அங்கு வாழ்வோரோ எட்டு இலட்சம்கூட இல்லை. பெரும்பாலான ஊர்களுக்குச் சாலையே கிடையாது. தலைநகரான ஜூனோவுக்கே கப்பலிலோ விமானத்திலோதான் போக முடியும். அஞ்சல், பால், டயப்பர், பிரசவ வலி கண்ட பெண், இறந்தவரின் உடல் என அனைத்தும் சின்ன விமானங்களில்தான் வந்து போகின்றன. ஆற்று மணற்றிட்டிலும் கூழாங்கற் கரையிலும் இறங்குவதற்காகக் காற்றழுத்தம் குறைந்த பருமனான டயர்களைப் பூட்டுவார்கள். பனிக்காலத்தில் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டைகள், ஏரியில் இறங்க மிதவைகள். இத்தகைய விமானிகளைத்தான் ஆங்கிலத்தில் 'புஷ் பைலட்' என்கிறார்கள். 1925-ஆம் ஆண்டு நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, குளிர்காலத்தில் விமானத்தை நம்ப முடியாது என்று நாய்கள் இழுக்கும் வண்டிகளில் கைமாற்றிக் கைமாற்றி மருந்து கொண்டுபோனார்கள். அந்த வழித்தடத்தில்தான் இந்த உனலக்லீட்டும் இருக்கிறது. இவையெல்லாம் எங்கள் மகள் எங்களுக்குச் சொல்லித் தந்தவை.

உள்ளம் சற்று இளகியது. பிறகு ஒரு செய்தி கண்ணில் பட்டது.

ஏரியலின் தந்தை ஜிம் ட்வீட்டோ 2023 ஜூன் 16 அன்று, ஷக்டூலிக் என்னும் ஊருக்கு அருகே, தாம் ஓட்டிய செஸ்னா 180 விமானம் புறப்பட்டவுடன் விழுந்து நொறுங்கியதில் இறந்துபோனார். உடனிருந்த ஒருவரும் இறந்தார். ஜிம்முக்கு வயது 68. நெடுங்காலம் அந்த நிலத்தின் மேல் பறந்தவர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று எங்கள் வாய் தானாகவே முணுமுணுத்தது. அன்றிரவு நாங்கள் தூங்கவில்லை. திரையில் சிரித்துக்கொண்டிருந்த மனிதரை எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்தது போன்ற ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. இந்தக் காட்சி ஊடகங்கள் செய்யும் மாயம் அது.

சுப்ஹுக்குப் பின் மகளை அழைத்து, "இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டோம்.

"தெரியும் அத்தா."

"எப்போதிலிருந்து?"

"அது நடந்த வாரத்திலிருந்து. உங்ககிட்ட சொன்னா வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு சொல்லல."

ஈராண்டுகளுக்கு மேலாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டும் அவள் அந்த விருப்பத்தைக் கைவிடவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. மறைத்ததற்காகக் கண்டித்தோம். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அஜலை முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது என்பது ஈமான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வை என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனைதான். கட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது என்ற அளவுக்கு அன்று முடிவு செய்தோம்.

முதலில் செலவு. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும், அவை அவளிடம் இருந்தன. பயிற்சிக் கட்டணம் மட்டும் அரைக் கோடியைத் தொடுகிறது. எங்களுடையது ஓர் இரும்புச் சாமான் கடை. நான்கு பிள்ளைகள். மகளின் நிக்காஹுக்கென்று ஆண்டுதோறும் பவுன் பவுனாகச் சேர்த்த நகையும், திருவாலங்காட்டுச் சாலையோரம் முக்கால் ஏக்கர் நிலமும் தவிர வேறு சேமிப்பு இல்லை.

வங்கிக்குப் போகலாம் என்பதே எல்லாரும் சொன்ன வழி. கல்விக்கடன்தானே, அனைவரும் வாங்குகிறார்களே என்றார்கள். எங்கள் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வட்டிக் கணக்கு ஒரு வரிகூட ஏறியதில்லை. சரக்கு தேங்கிய காலத்திலும், கொரோனாவில் ஷட்டர் இறக்கிக் கிடந்த மாதங்களிலும் ஏறவில்லை. வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக சூரத்துல் பகரா எச்சரிப்பதைப் படித்தபின், மகளின் கனவுக்காக அந்தப் போரில் இறங்கும் துணிவு எங்களுக்கு வரவில்லை. கல்விக்கடன் விஷயத்தில் நிர்ப்பந்தத்தைக் காரணம் காட்டி இடம் கொடுக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். அந்தக் கருத்தின்படி நடப்பவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் உயிர் வாழ்வதற்கான நிர்ப்பந்தமும் விமானம் ஓட்டுவதற்கான நிர்ப்பந்தமும் ஒன்றென்று எங்கள் மனம் ஒப்பவில்லை.

மகள் ஒரு சான்றோடு வந்தாள். இராமேசுவரத்து ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தந்தார். அவருமே விமானியாகத்தான் ஆசைப்பட்டார். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் சென்று, 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டதோ எட்டுப் பேரை. பின்னர் 2006 ஜூனில், குடியரசுத் தலைவராக, 74-ஆம் வயதில், புனே விமானதளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் துணை விமானியின் இருக்கையில் அமர்ந்து பறந்தார்.

"அடகுன்னாலும் வட்டிதானே புள்ள" என்றார் நன்னிமா, வெற்றிலையை மடித்தவாறே. அந்தத் தமக்கையின் தியாகத்தைக் குறைத்துப் பேச அவர் எண்ணவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடகு வேணாம். வித்துடுங்க. கல்யாணத்துக்கு வர்றவன் மஹர் கொடுத்துத்தானே கட்டணும், நம்ம நகையைப் பார்த்து வர்றவன் எதுக்கு?" என்றார். எழுபத்தெட்டு வயது மூதாட்டி இதைச் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மஹரைப் பற்றி மேடைதோறும் கேட்டிருக்கிறோம். வரதட்சணை என்ற பெயர் சொல்லாமல் பவுன் சேர்ப்பதையும் நிறுத்தாமல் இருந்திருக்கிறோம்.

அடுத்தது மார்க்கத்தின் வரம்புகள். எங்கள் குடும்பம் வழக்கமாக விளக்கம் கேட்கும் ஆலிம் ஒருவரிடம் மகளையும் அழைத்துக்கொண்டு சென்றோம். அவர் எங்களைவிடப் பொறுமையாகக் கேட்டார். பறவைகள் சிறகுகளை விரித்தும் மடக்கியும் செல்வதைப் பார்க்கவில்லையா, அவற்றை அந்தரத்தில் தாங்குபவன் அர்ரஹ்மானைத் தவிர வேறு யார் என்னும் கருத்தில் சூரத்துல் முல்க் பேசுவதை நினைவூட்டி, இந்தக் கல்வியைப் படிப்பதில் தவறேதும் இல்லை என்றார். பிறகு மூன்று இடங்களில் நிறுத்தினார்.

மஹ்ரம் இன்றிப் பெண் பயணம் செய்யலாகாது என்ற ஹதீஸ் முதலாவது. விமானியின் தொழிலே பயணம். ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் தனியே ஒட்டகத்தில் புறப்பட்டு, அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் கஅபாவைத் தவாஃப் செய்யும் காலம் வரும் என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸும் புகாரியில் உண்டு. பாதுகாப்பு உறுதியானால் பயணத்துக்கு அனுமதி உண்டு என்போர் அதைச் சான்றாகக் காட்டுவார்கள். முதல் ஹதீஸைப் பொதுவாகவே எடுத்துக்கொள்வோரும் இருக்கிறார்கள். "இரண்டு பக்கமும் இமாம்கள் இருக்கிறார்கள். நீங்கள் எதை ஏற்றாலும், மனம் விரும்புவதற்காக ஏற்காதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

உடை இரண்டாவது. இதற்கு விடை ஏற்கெனவே ஹைதராபாத்தில் இருந்தது, பின்னர் சொல்கிறோம்.

மூன்றாவதை நாங்கள் நினைத்தே பார்த்திருக்கவில்லை. பயிற்சி விமானத்தில் ஆசிரியரும் மாணவியும் இருவரே இருப்பார்கள். அந்நிய ஆணோடு தனித்திருக்கும் கல்வத் ஆகுமே, என்ன செய்வீர்கள் என்று ஆலிம் கேட்டார். பெண் ஆசிரியர்கள் உண்டா, எத்தனை பேர், வேண்டிக் கேட்டால் தருவார்களா? நாங்கள் பதிலின்றி இருந்தபோது மகள் சொன்னாள்: "ஹஜ்ரத், செஸ்னா 152-இல்தான் ரெண்டு சீட். 172-இல் நாலு சீட் இருக்கு. பின்னாடி இன்னொரு மாணவி உக்காந்து பார்த்துக் கத்துக்கறது வழக்கம்தான்." சற்று நிறுத்தி, "நன்னிமா வந்தாலும் உக்காரலாம்" என்றாள். ஹஜ்ரத் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெண் ஆசிரியரையும் நான்கிருக்கை விமானத்தையும் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஹைதராபாத்துக்கு வருவோம். அந்நகரத்தின் பழைய பகுதியைச் சேர்ந்த சையதா சல்வா ஃபாத்திமாவைப் பற்றி உங்களில் பலர் படித்திருக்கக்கூடும். தந்தை பேக்கரித் தொழிலாளி. பள்ளி நாளிலேயே விமானி ஆக விரும்பிய அந்தப் பெண்ணின் ஆவலை அறிந்து, சியாசத் உருது நாளிதழின் ஆசிரியர் ஸாஹித் அலீ கான் பயிற்சிக்குப் பொருளுதவி செய்தார். 2007-இல் ஆந்திரப் பிரதேச விமானப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, 2013-இல் வணிக விமானி உரிமம் பெற்றார். அத்தோடு கதை முடிந்துவிடும் என்று நினைப்போம். அங்கேதான் அது சிக்கிக்கொண்டது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் பெற்ற உரிமத்தை வைத்துக்கொண்டு பயணியர் விமானத்தில் அமர முடியாது. பல எஞ்சின் பயிற்சியும், ஓட்டப்போகும் குறிப்பிட்ட வகை விமானத்துக்கான தனித் தகுதியும் வேண்டும். அதற்கும் பல இலட்சங்கள். தெலங்கானா அரசு உதவிய பிறகே அந்தத் தகுதியைப் பெற்று வேலைக்குப் போக முடிந்தது. சீருடையோடு ஹிஜாப் அணிந்தே அவர் விமானி அறையில் அமர்கிறார்.

இந்தக் கதையில் நாங்கள் நெடுநேரம் தங்கியது அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான். உரிமம் கையில் இருக்கிறது, வேலை இல்லை, பணம் இல்லை. வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த ஆண்டுகளில் அது எத்தனை மடங்காகியிருக்கும்! நம் சமுதாயத்தில் செல்வர்கள் குறைவில்லை. உம்ராவுக்குப் பத்துப் பேரை அனுப்ப முன்வருவோர் உண்டு. ஒரு பேக்கரித் தொழிலாளியின் மகளை ஆகாயத்துக்கு அனுப்ப முன்வந்தவர் ஒரு பத்திரிகையாசிரியர். தமிழகத்தில் அத்தகைய ஒருவரை நாங்கள் தேடினோம். நல்ல சொற்கள் நிறையக் கிடைத்தன.

சரி, பெரிய விமானம் வேண்டாம், சாலையில்லா ஊர்தான் வேண்டும் என்கிறாளே, அதற்கு அலாஸ்காவுக்கா போவது என்று கேட்டோம். அவள் நிலப்படத்தை எடுத்து அரபிக்கடலில் விரலை வைத்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் முஸ்லிம்களாக வாழும் இலட்சத்தீவு. அத்தீவுக்கூட்டத்தில் அகத்தியில் மட்டுமே விமானம் இறங்க ஓடுபாதை உண்டு, அதுவும் ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். இரு முனையிலும் கடல். மற்றத் தீவுகளில் ஒரு தாய்க்கு நள்ளிரவில் இரத்தப்போக்கு என்றால் ஹெலிகாப்டர் வர வேண்டும், இல்லையேல் படகு. அதற்குத் தெற்கே மாலத்தீவு. ட்வின் ஆட்டர் என்னும் மிதவை விமானங்கள் நாள் முழுதும் தீவுக்குத் தீவு தண்ணீரில் இறங்கி ஏறுகின்றன. உலகிலேயே அவ்வகை விமானங்கள் மிகுதியாக இருக்கும் இடம் அதுதான். அவற்றை ஓட்டுவோர் காலில் செருப்புகூட இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்து நன்னிமாவுக்குப் பெருமகிழ்ச்சி. அவரும் வெறுங்காலோடுதான் நடப்பார். கலிமாச் சொல்லும் மக்கள் வாழும் தீவுகளுக்கு இடையே அந்த வேலை நடக்கிறது என்பதை அறிந்தபோது, அலாஸ்கா எங்களுக்குச் சற்றே பக்கத்தில் வந்துவிட்டது போலிருந்தது.

நம் சபைகளில் இத்தகைய பேச்சு வந்தால், குர்துபாவின் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைச் சொல்லாமல் முடிப்பதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் இறக்கை கட்டிப் பறக்க முயன்றவர், இறங்கும்போது அடிபட்டவர், வால் வைக்க மறந்ததே காரணம் என்பார்கள். விரிவான செய்தி பதினேழாம் நூற்றாண்டில் அல்மக்கரீ எழுதியதிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே அதை அளவோடு சொல்வதே நேர்மை. எங்கள் மகளுக்கு அதில் பிடித்தது அந்த வால்தான். எழும்புவது எளிது அத்தா, இறங்குவதுதான் பாடம் என்றாள். ஜிம் ட்வீட்டோவோ எழும்பும்போதுதான் விழுந்தார் என்று எங்களுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. அவளிடம் சொல்லவில்லை.

இஸ்திகாரா தொழுதோம். மூவரும் தனித்தனியாக. கனவு எதுவும் வரவில்லை. கதவுகள் சில திறந்தன, சில திறக்கவில்லை. பெண் ஆசிரியரைத் தர முடியாது என்று ஒரு பயிற்சி நிலையம் சொல்லிவிட்டது. கண்ணிலும் காதிலும் இதயத்திலும் குறையில்லை என்று மருத்துவச் சோதனையில் தேறினாள். மூக்குக்கண்ணாடி அதற்குத் தடையில்லை என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. வளைகுடாவில் இருக்கும் அவளுடைய மாமு, வட்டியில்லாத அழகிய கடனாக ஒரு தொகை தர முன்வந்தார். குர்ஆனிலேயே நீளமான ஆயத்து கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதானே. மச்சானுக்குள் என்ன எழுத்து என்று அவர் தயங்கியபோதும், இரு சாட்சிகளோடு எழுதியே வாங்கினோம். நகையில் பாதியை விற்றோம், பாதி இருக்கிறது. அதைப் பற்றி எங்களுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. எங்களில் தாயானவருக்கு அந்தப் பாதியை விட மனமில்லை, அதை ஆசை என்று சொல்ல எங்களில் தந்தையானவருக்கு உரிமையும் இல்லை. நிலத்தைத் தொடவில்லை. அது நான்கு பிள்ளைகளின் ஹக்.

இப்போதைக்கு முடிவு இவ்வளவே: ஒரேயடியாகச் சேர்க்காமல், வீட்டிலிருந்தே எழுத்துத் தேர்வுகளை முடிப்பது. கூடவே அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு. வான் ஒழுங்குமுறை, வானிலை, வழிகாணல், விமான நுட்பம் என்று தாள்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி. எழுதித் தேறிவிட்டாளானால், கையில் உள்ள பணம் தாங்கும் அளவுக்கு மணிக்கணக்காகப் பறப்பாள். பணம் தீர்ந்தால் நிற்பாள், சேர்ந்தால் தொடர்வாள். எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டால் எங்களிடம் கணக்கில்லை. கடனில்லாமல் ஆகும் ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வருபவரிடம் இதையும் சேர்த்துச் சொல்வோம்.

முதல் இரண்டு தாள்களில் தேறினாள். வழிகாணல் தாளில் நான்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள், அந்தப் பாடப் புத்தகத்தையும் ஒரு திசைகாட்டியையும் தூக்கிக்கொண்டு தொழுகை அறைக்குள் போனாள்.

எங்கள் வீட்டுச் சுவர் நேர் கிழக்கு மேற்காக எழுப்பியது. மாமனார் காலத்திலிருந்து, சுவரைப் பார்த்து நேர்மேற்கே முஸல்லாவை விரிப்பதே வழக்கம். மேற்குதானே கிப்லா என்று நாங்களும் இருந்துவிட்டோம். உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி தட்டையான படத்தில் வளைவாகத் தெரியும் என்பது அவள் தவறவிட்ட கேள்விகளுள் ஒன்று. நம் பகுதியிலிருந்து மக்காவுக்கு அந்தக் குறுகிய வழி வடக்கிலிருந்து 288 பாகையில், அதாவது நேர்மேற்கிலிருந்து 18 பாகை வடக்கே சாய்ந்து புறப்படுகிறது. படத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்தால் 282 வரும். இரண்டையும் தாளில் போட்டுக் காட்டினாள். ஹஜ்ரத்திடம் கேட்டோம். திசைக்குள் இருந்ததால் இதுவரை தொழுதவை கூடும், இனி அறிந்தபடி செய்யுங்கள் என்றார்.

அன்று அஸருக்கு நன்னிமா தம் முஸல்லாவை எடுத்து, பேத்தி சாக்கட்டியால் தரையில் போட்டிருந்த கோட்டின் மேல் வைத்தார். அறை கோணலாகிவிட்டது என்று முதலில் முணுமுணுத்தார். தொழுது முடித்து, ஸலாம் கொடுத்து, அங்கேயே அமர்ந்து, அவளுடைய மறு தேர்வுக்காக நெடுநேரம் துஆக் கேட்டார். நீங்களும் கேளுங்கள்.